செடி பேரு சொல்ற ஆப்ப நம்பி கீரை பறிக்கலாமா? ஒரு வருசம் காசு கட்டிப் பாத்தவன் சொல்றேன்

மொதல்லயே ஸ்டாரைப் போட்டுர்றேன், மூணு. ரோட்டோரப் பூமரம், பக்கத்து வீட்டு குரோட்டன்ஸ், கோயில் நந்தவனம் இதுக்கெல்லாம் நாலரை குடுக்கலாம், கேரட் குடும்பத்துச் செடிக்கு சைபர், ரெண்டையும் கூட்டி கொஞ்சம் பாவம் பாத்து மூணு. ஆப் பேரைப் போடல. போட்டா அவிங்க ஆளு வந்து "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு எல்லாருக்கும் போடுற பதிலையே எனக்கும் போட்டுட்டுப் போவாரு, அதைப் படிக்க எனக்குத் தெம்பு இல்ல. தவிர இந்தக் கோளாறு அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் உள்ளதுன்னு நான் நெனைக்கவும் இல்ல.

வாங்குனது எப்பிடின்னா, போன ஆடி மாசம் ஒருநா ராத்திரி தூக்கம் வராம போனை நோண்டிக்கிட்டு கெடந்தப்ப ஒரு வெள்ளக்காரன் வீடியோ வந்துச்சு. ஆளு ரோட்டோரமா ஒரு செடியப் புடுங்கி வேரை பேண்ட்டுல தொடச்சு அப்பிடியே கடிச்சுத் தின்னுட்டு, இதான் காட்டுக் கேரட், நீங்க கடையில வாங்குற கேரட்டுக்குப் பாட்டன்னு சொல்றான். அது உண்மைதான், ரெண்டுக்கும் டாக்கஸ் கரோட்டான்னு ஒரே பேருதான், காட்டுல உள்ளது ஒல்லியா வெளுப்பா இருக்கும், முத்திப்போச்சுன்னா நாரு. எனக்கு அதைப் பாத்ததும் ஆசை வந்துருச்சு, நம்மூர்லயும் வாய்க்கா வரப்பெல்லாம் எம்புட்டு செடி கெடக்கு, எது என்னன்னு தெரியாமலே வண்டிய ஓட்டிக்கிட்டுப் போறமேன்னு. அடுத்து வந்த விளம்பரமே இந்த ஆப்புதான். வெள்ளையா குடை மாதிரி பூ, அதுக்குக் கீழ பச்சை டிக், "சாப்பிடலாம்". ஏழு நாள் ஃப்ரீ, அப்பறம் வருசத்துக்கு 1,499 ரூபாய். எட்டாவது நாள் காலையில பேங்க் மெசேஜ் வந்தப்பதான் கேன்சல் பண்ண மறந்தது ஞாபகம் வந்துச்சு. வீட்ல சொன்னா, "அந்தக் காசுக்கு அண்ணா நகர் உழவர் சந்தையில வருசம் பூரா கீரை வாங்கலாமேங்க"ன்னு ஒரே வார்த்தை. 1999-ல தமிழ்நாட்டுலயே மொத மொதல்ல எங்க மதுரையில தொறந்த உழவர் சந்தை அது, அதை வீட்டுக்குக் கிட்டயே வச்சுக்கிட்டு காட்டுக் கீரை தேடுறவன் நான் ஒருத்தன்தான் போல.

சரி காசு போச்சு, ஒழுங்காவாவது சோதிச்சுப் பாப்போம்னு இறங்குனேன். ஆப்போட வேலை சிம்பிள், போட்டோ எடுத்தா மூணு செகண்டுல பேரு, இத்தனை சதவீதம் உறுதின்னு ஒரு நம்பர், கீழ பச்சை டிக் இல்லைன்னா செவப்பு மண்டை ஓடு. இங்கிலீசும் இந்தியும் இருக்கு, தமிழ் இல்ல. வல்லாரைக்கு "பிராமி"ன்னு போடுது, வடக்க வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் ரெண்டையுமே அப்பிடித்தான் கூப்புடுறாங்க, ஆனா ரெண்டும் வேற வேற செடி, வேற வேற குடும்பம். இதுக்கே ஒரு ஸ்டார் கொறைக்கணும்.

நான் ஏன் கேரட் குடும்பத்தைப் பிடிச்சேன்னு கேப்பீங்க. நம்ம அஞ்சறைப் பெட்டியே பாதி அந்தக் குடும்பம்தான்யா. மல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம், பிள்ளை பெத்தவங்களுக்கு லேகியத்துல போடுற சதகுப்பை, தட்டுல விழுற வல்லாரை எல்லாம் ஒரே வம்சம். ஏபியேசின்னு பேரு, பழைய பேரு அம்பெல்லிஃபெரே, குடை தாங்கின்னு அர்த்தம் வரும், ஒரே புள்ளியில இருந்து குடைக்கம்பி மாதிரி காம்பு பிரிஞ்சு நுனியில பூ நிக்கும். உலகத்துல சுமார் 3,700 வகை இருக்கு. இதே வீட்டுல பொறந்ததுதான் கிமு 399-ல சாக்ரடீசுக்குக் குடுத்த ஹெம்லாக்கும். கோனியின்னு அதுல ஒரு சரக்கு, கால்ல ஆரம்பிச்சு மேல மேல மரத்துக்கிட்டே வந்து கடைசில மூச்சு விடுற தசையைப் பிடிச்சு நிறுத்திரும், ஆளு அதுவரைக்கும் நெனைவோடயே இருப்பாரு. இதுக்கு மாத்து மருந்தே கிடையாது, மிஷின் வச்சு மூச்சைக் குடுத்து விஷம் இறங்குற வரைக்கும் காக்கணும். அப்ப ஒரே குடும்பத்துல சோம்பும் இருக்கு சாவும் இருக்கு, இந்த வீட்டு ஆளுகளைப் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சா அது நல்ல ஆப்பு, அம்புட்டுதான் என் கணக்கு.

மொத சோதனை மொட்டை மாடியில. தொட்டியில போட்ட மல்லி வெயிலுக்கு சீக்கிரமே பூக்க ஆரம்பிச்சுருச்சு. வளத்தவங்களுக்குத் தெரியும், பூக்கப் போற மல்லிக்கு அடி இலை ஒரு மாதிரி, மேல் இலை வேற மாதிரி, கீழ விசிறி மாதிரி அகலமா இருக்கும், மேல போகப் போக நூலு நூலாப் பிரிஞ்சு சோம்பு இலை மாதிரி ஆயிரும். அடி இலைய எடுத்தேன், கொத்தமல்லி, 96 சதவீதம், சபாஷ். அதே செடி, அதே தண்டு, ஒரு சாண் மேல உள்ள இலைய எடுத்தேன், சதகுப்பைன்னுருச்சு. மாடியில எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, ரெண்டும் திங்கிற சாமான்தான, ரசத்துல போட்டா ரசம் கொஞ்சம் வேற மாதிரி போகும். ஆனா ஒரே செடிக்கு ரெண்டு பேரு சொல்ற ஆளு, ரெண்டு செடிக்கு ஒரே பேரு சொல்ல எம்புட்டு நேரமாகும்.

அதுக்கு ரெண்டே நாளாச்சு. எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு காலி பிளாட்டு, மழை பேஞ்சா பூராம் பார்த்தீனியம். 1950-கள்ல வெளிநாட்டுக் கோதுமையோட வந்த செடின்னு சொல்வாங்கள்ல, அதேதான், வடக்க இதுக்குப் பேரே காஜர் காஸ், கேரட்டுப் புல்லு. சின்னதுல தரையோட ஒட்டி வட்டமா இலை விரிச்சுக் கெடக்கும்போது பாத்தா அச்சு அசல் கேரட் கீரை. நான் வேணும்னே பூக்காத குட்டிச் செடியாப் பாத்து போட்டோ எடுத்தேன். காட்டுக் கேரட், 81 சதவீதம், பச்சை டிக். கீழ ஒரு குறிப்பு வேற, இளம் வேரை சூப்பில் சேர்க்கலாம்னு. தொட்டாலே சில பேருக்கு உடம்பு பூரா அரிப்பு எடுத்துத் தடிச்சுப் போற செடி, மாடு மேஞ்சா பாலே கசக்கும், அதைப் போய் சூப்புல போடுன்னா என்ன சொல்றது. பக்கத்துலயே பூத்து நின்ன செடிய எடுத்தா மட்டும் சரியா பார்த்தீனியம்னு சொல்லி மண்டை ஓடு காட்டுச்சு.

இங்கதான் விசயமே இருக்கு. கேரட்டுங்கறது ரெண்டு வருசச் செடி. மொத வருசம் இலையும் வேரும், ரெண்டாவது வருசம்தான் தண்டு நீண்டு பூவு, பூத்துருச்சுன்னா வேரு கட்டையாயிரும், திங்க லாயக்கில்ல. அப்ப காட்டுல தேடித் திங்கிறவன் எப்பப் புடுங்குவான்? பூக்காதப்பதான் புடுங்குவான். ஹெம்லாக்கும் அதே ரெண்டு வருசக் கணக்குதான், அதுவும் மொத வருசம் இலையா மட்டும் படுத்துக் கெடக்கும். ஆப்புக்கு பூ இருந்தாத்தான் கண்ணு தெரியுது, திங்கிறவனுக்கு பூ இல்லாதப்பதான் செடி வேணும். ரெண்டு பேரும் சந்திக்கிற எடமே கெடையாது. விளம்பரத்துல பளிச்சுன்னு குடைப் பூவைக் காட்டுறாங்க பாருங்க, அந்தச் செடிய எவனும் திங்க மாட்டான், அம்புட்டும் நாரு.

மரிக்கொழுந்துக் கதையும் ஒண்ணு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல கட்டுக்கட்டா கெடந்ததை எடுத்துப் பாத்தேன், பார்ஸ்லின்னுச்சு. மல்லியப்பூக்கார அக்காகிட்ட காமிச்சேன், "என்ன தம்பி, தலையில வைக்கிறதைக் கொழம்புல போடச் சொல்லுதாக்கும்"னு சிரிச்சுட்டு அடுத்த ஆளுக்கு மொழம் போடப் போயிருச்சு.

இப்ப வல்லாரை. இதுல ஆப்பை ரொம்ப வைய முடியாது, நியாயமா சொல்லணும். சோழவந்தான் பக்கம் என் மச்சானுக்குக் கொஞ்சம் வயலு, வெத்தலைக் கொடிக்காலுக்குப் பக்கத்துல பெரியாறு வைகைத் தண்ணி பாயிற வாய்க்கா வரப்புல வல்லாரை தானா மண்டிக் கெடக்கும். வெள்ளனவே வண்டிய எடுத்துட்டுப் போயி பத்து எடத்துல பத்து போட்டோ எடுத்தேன், ஏழு சரி, ரெண்டு எலிக்காது, ஒண்ணு ஏதோ தண்ணிச் செடி. எலிக்காதும் தரையில ஓடுற கொடிதான், இலையும் கிட்டத்தட்ட அப்பிடித்தான், ஆனா அது ஊமத்தம்பூ மாதிரி புனல் வடிவத்துல சின்ன மஞ்சப் பூ பூக்கும். வல்லாரைப் பூவைத் தேடித்தான் பாக்கணும், மண்ணோட மண்ணா, இளஞ்செவப்பா, ஊசித் தலை அளவுக்கு மூணு நாலு பூ ஒண்ணா ஒளிஞ்சிருக்கும், குனிஞ்சு இலைய ஒதுக்குனாத்தான் தெரியும். ஓடுகொடியில கணுவுக்குக் கணு வேரு விட்டிருக்கும், இலையோட ஓரம் லேசா பல்லு வெட்டுன மாதிரி, அடியில ஒரு வெட்டு, அந்த வெட்டுலதான் காம்பு வந்து ஒட்டும். கசக்கி மோந்தா லேசா கேரட் தழை வாசம், வாயில போட்டா மொதல்ல கசப்பு, அப்பறம் துவர்ப்பு.

காம்பு எங்க ஒட்டுதுங்கறதை ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்றேன்னா எங்க அத்தையால. மாமியார் நாலு வருசமா மாடியில ஒரு தொட்டியில வல்லாரைன்னு ஒண்ணை வளக்குறாங்க, நர்சரிக்காரன் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தானாம், வட்ட வட்டமா பளபளன்னு அழகா இருக்கும். பேரப்பிள்ளைக்குப் பரீட்சை வருதுன்னா "வல்லாரை உண்டாரிடம் மல்லாடாதே"ன்னு பழமொழி சொல்லிக்கிட்டே துவையலுக்குப் பறிக்கக் கெளம்பிருவாங்க. ஆப்பைக் காமிச்சேன், வல்லாரை இல்ல, ஹைட்ரோகோட்டைல்னுச்சு. அத்தைக்குக் கோவம், "நாப்பது வருசமா கீரை ஆயிறேன் மாப்ளே, நேத்து வந்த போனு எனக்குச் சொல்லுதாக்கும்"னாங்க. இலையத் திருப்பிப் பாத்தா காம்பு நட்ட நடுவுல ஒட்டியிருக்கு, குடைக்குக் கைப்பிடி மாதிரி. வல்லாரைக்கு அப்பிடி வராது. ஆப்பு சொன்னது சரி, அத்தை சொன்னது தப்பு. அன்னைக்கு ராத்திரி துவையல் இல்ல, சாம்பார் மட்டும்தான், எனக்கு அது ரெண்டு நாளைக்கு நீடிச்சுச்சு. ஆக பெரியவங்க சொன்னா எல்லாம் சரிங்கற கட்சியும் நான் இல்ல.

ஆனா இதே வல்லாரை விசயத்துல ஆப்புக்கு ஒரு பெரிய ஓட்டை. ஊருக்குள்ள கிருதுமால் வாய்க்கா ஓரத்துல ஒரு எடத்துல நல்லா செழிப்பா நின்னுச்சு, சோழவந்தான்ல உள்ளதை விட இலை பெருசு. போட்டோ எடுத்தேன், சரியா பேரு சொல்லுச்சு, பச்சை டிக். கிருதுமாலைப் பத்தி மதுரைக்காரவுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஒரு காலத்துல ஆறு, இப்ப ஊர்ச் சாக்கடை பூராம் அதுலதான். வல்லாரை நிக்கிற மண்ணுல உள்ள ஈயம், காட்மியம் மாதிரி உலோகத்தையெல்லாம் உறிஞ்சி இலையில வச்சுக்கிற சாதி. செடி சரியான செடிதான், நிக்கிற எடம்தான் தப்பு, அதை போட்டோவப் பாத்து எவனும் சொல்ல முடியாது. போனுல லொக்கேஷன் ஆன்லதான இருக்கு, அந்த ஒரு கேள்விய, "இது எந்தத் தண்ணியில நிக்குது"ன்னு கேட்டிருந்தாக்கூட நான் அரை ஸ்டார் ஏத்திப் போட்டிருப்பேன்.

அடுத்து வெதை. இது நான் வெளையாட்டா ஆரம்பிச்சது, இதுலதான் நானே ரொம்பக் கத்துக்கிட்டேன். அஞ்சறைப் பெட்டிய எடுத்து வச்சு ஒவ்வொண்ணா வெள்ளைத் தாள்ல கொட்டி, போனுல மேக்ரோ வச்சுப் பாத்தேன். நீங்களும் ஒருநா பாருங்க. மல்லி ஒண்ணை எடுத்து கட்டை விரலால அழுத்துனா ரெண்டு கிண்ணமாப் பிரியும், நாம ஒரு வெதைன்னு நெனைக்கிறது உண்மையில காயி, உள்ள ரெண்டு வெதை முதுகை வெளிய காட்டி மூஞ்சியோட மூஞ்சி ஒட்டிக்கிட்டு இருக்கு. சீரகமும் அப்பிடித்தான், சோம்பும் அப்பிடித்தான், பழைய சோம்புல பாதிக்குப் பாதி தானாவே ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கும். மேல நீளவாக்குல வரப்பு மாதிரி கோடு ஓடும், ரெண்டு வரப்புக்கு நடுவுல தோலுக்கு அடியில எண்ணெய் ஓடுற குழாய் இருக்கு, வாசம் பூராம் அதுக்குள்ளதான், அதான் உள்ளங்கையில வச்சு ஒரசுனாலோ சட்டியில லேசா சூடு காட்டுனாலோ கும்முன்னு எந்திரிக்குது. சதகுப்பை தட்டையா ஓரத்துல சின்ன ரெக்கையோட இருக்கும், ஓமம் மொசுமொசுன்னு சொரசொரப்பா இருக்கும். இதை ஆப்புகிட்ட காமிச்சேன், ஓமத்துக்கு செலரி, சதகுப்பைக்கு சீரகம், சோம்புக்கு சீரகம், சீரகத்துக்கு சோம்பு. எங்க வீட்டு ஏழாப்பு படிக்கிற சின்னவன் கண்ணைக் கட்டி விட்டும் அஞ்சையும் மோந்து பாத்தே சொல்லிட்டான்.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கும் போனேன், சும்மா போகல, காட்டுச் சீரகம்னு ஒண்ணு கேள்விப்பட்டு அது சீரகத்தோட காட்டுச் சாதியா இருக்கும்னு நெனைச்சுப் போனேன். அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டிட்டு, "இது கொழம்புக்கு இல்ல தம்பி, வகுத்துப் பூச்சிக்கு, வைத்தியர் அளவு சொன்னாத்தான் குடுப்பேன், யாருக்கு?"ன்னாரு. பொறகு தேடிப் பாத்தா அது சூரியகாந்திக் குடும்பம், சீரகத்துக்கும் அதுக்கும் ஒரு ஒறவும் இல்ல. கருஞ்சீரகமும் சீரகம் இல்ல, மாடியில சளிக்கு வளக்குற ஓமவல்லியும் ஓமம் இல்ல, அது துளசிக் குடும்பம், வாசத்துக்கு மட்டும் பேரை எரவல் வாங்கியிருக்கு. ஆப்பை வைஞ்சு என்ன பண்ண, நம்ம பேரு வைக்கிற லட்சணமே இப்பிடித்தான் இருக்கு.

கடைசியா கொடைக்கானல். குடும்பத்தோட போயிருந்தோம், எங்க அக்கா மகனும் வந்திருந்தான், காலேஜ்ல பாட்டனி வாத்தியாரு. மன்னவனூர் போற ரோட்டுல வண்டிய நிறுத்தி டீ குடிக்கும்போது ரோட்டுச் சரிவுல ஒரு செடி, இடுப்பு உசரம், வெள்ளையா பெரிய பெரிய குடைப் பூவு. விளம்பரத்துல பாத்த அதே பூ! ஓடிப் போயி போட்டோ எடுத்தேன். காட்டுக் கேரட், பச்சை டிக். கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தேன், ஹெம்லாக், மண்டை ஓடு. மேகம் விலகி வெயில் வந்துச்சு, மறுபடி எடுத்தேன், ஜயன்ட் ஹாக்வீடு, அதுக்கும் மண்டை ஓடு. ஒரே செடி, ஒரே எடம், அஞ்சு நிமிசத்துல மூணு பேரு. இதுல மொத போட்டோவோட நிறுத்தியிருந்தா என்னாயிருக்கும்னு நெனைச்சுப் பாருங்க, எவன் மூணு தடவ எடுக்குறான்.

அக்கா மகன் போனை வாங்கிப் பாக்கவே இல்ல. "மாமா, பூவை விடுங்க, காய் இருக்கான்னு பாருங்க"ன்னான். கை வைக்காதீங்கன்னும் சொல்லிட்டு, கீழ் கொத்துல காய்ச்சு நின்னதை ஒரு குச்சியால வளைச்சுக் காமிச்சான். காயி தட்டையா, பப்படம் மாதிரி மெல்லிசா, ஓரம் ரெக்கை. நடுவுல பழுப்புக் கோடு நாலு, மேல இருந்து எறங்கி வந்து பாதியிலயே நின்னுருது, யாரோ பேனாவால கோடு போட ஆரம்பிச்சு மை தீந்து விட்டுட்டுப் போன மாதிரி. அந்தக் கோடுதான் நான் மேல சொன்ன எண்ணெய்க் குழாயி, பாதி வரைக்கும் மட்டும் எறங்கி நின்னா அது ஹெராக்ளியம் சாதின்னு அடையாளமாம், பழனி மலையில வளர்றதுதான், அந்த ஜயன்ட் ஹாக்வீடுக்கு பங்காளி முறை. இந்தச் சாதியோட சாறு தோல்ல பட்டு அதுமேல வெயிலும் பட்டா ரெண்டு நாள் கழிச்சு கொப்பளம் கெளம்பும், கறுப்புத் தழும்பு மாசக்கணக்குல இருக்கும். வெயில் படலைன்னா ஒண்ணும் தெரியாது, அதான் எதுனால வந்துச்சுன்னே பல பேருக்குப் புரியாமப் போயிருது. நாட்டு மருந்துல வெண்புள்ளிக்குக் குடுக்குற கார்போகரிசி இருக்குல்ல, அதுல உள்ள சொராலென் வகைச் சரக்குதான் இதுலயும், மருந்தா அளவோட வேலை செய்யறது இங்க செடியில அளவில்லாம நிக்குது. மச்சான் அதுக்குள்ள ஒரு காம்பை ஒடிச்சுட்டான், டீக்கடைல சோப்பு வாங்கிக் கழுவ வச்சு, முழுக்கைச் சட்டைய எறக்கி விட்டு சாயங்காலம் வரைக்கும் வேன்லயே ஒக்கார வச்சோம், ஒண்ணும் ஆகல. திட்டுனது என்னைத்தான். அது போக கொடைக்கானல் காடு 2013-ல இருந்து சரணாலயம், காட்டுக்குள்ள போயி செடி புடுங்குனா கேஸு, அதையும் ஆப்பு சொல்லாது.

"காய் பாத்துத்தான் மாமா நாங்களே சொல்லுவோம், இந்தக் குடும்பத்துல இலைய வச்சுப் பேரு சொல்றவன் தைரியசாலி"ன்னான் பய. வர்ற வழியில அவன் சொன்ன ஒரு கேஸு எனக்கு இன்னும் மறக்கல. ஸ்காட்லாந்துல டூர் போன எளவட்டப் பசங்க, ஒரு ஓடைக் கரையில கெடச்ச கெழங்கு மாதிரி வேரை, வேற ஏதோ திங்கிற செடின்னு நெனைச்சு, வெட்டிப் போட்டு கறிக் கொழம்பே வச்சிருக்காங்க. அது ஹெம்லாக் வாட்டர் ட்ராப்வொர்ட், வேரு வெள்ளையா கொத்தா வெரலு வெரலா இருக்கும், அந்த ஊர்ல அதுக்குச் செத்தவன் வெரல்னே ஒரு பட்டப்பேரு. வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, உசுரு போகல, தப்பிச்சாங்க. இதுல கொடுமை என்னன்னா அந்த வேரு கசக்காது, வாசமும் பார்ஸ்லி மாதிரி நல்லாவே இருக்குமாம். கசந்தா துப்பிரலாம், நம்ம நாக்கு காப்பாத்தும்னு நெனைக்கிறோம்ல, இந்தக் குடும்பத்துல அதுவும் செல்லாது. சின்னவன் மோந்து பாத்தே மசாலாவச் சொன்னான்னு மேல பெருமையா எழுதுனேன், அது நம்ம வீட்டுப் பெட்டிக்குள்ள இருக்குற வரைக்கும்தான்.

இன்னொண்ணு, அந்த வாட்டர் ட்ராப்வொர்ட்டு ஈனாந்தேங்கற சாதி, அதே சாதியில இன்னொரு செடிய மணிப்பூர்ல கொம்ப்ரெக்குன்னு, கொரியாவுல மினாரின்னு தெனமும் தின்றாங்க. அக்கா தங்கச்சி ரெண்டும், ஒண்ணு சந்தையில கட்டு கட்டி விக்குது, ஒண்ணு ஆளைச் சாய்க்குது. ஆப்புல "ஈனாந்தே சாதி, 90 சதவீதம்"னு வந்தா அந்த 90-ஐ வச்சு நான் என்ன பண்ண? அடுப்புல வைக்கவா, குப்பையில போடவா? மீதி 10-லதான என் உசுரு இருக்கு.

இதையெல்லாம் வரிசையா எழுதி, மூணு பேரு சொன்ன போட்டோவையும் வச்சு கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். பேரைத் தப்பாச் சொல்றது பரவால்ல, அந்தப் பச்சை டிக்கை மட்டும் இந்தக் குடும்பத்துக்கு எடுத்துருங்கன்னு கேட்டேன். நாலு நாள் கழிச்சு பதில், எங்கள் செயலி தகவலுக்காக மட்டுமே, சாப்பிடுவதற்கு இதை நம்ப வேண்டாம் என்று விதிமுறைகளில் சொல்லியிருக்கிறோம், பாருங்கள்னு. போயிப் பாத்தேன், இருக்கு, மூணு தடவ தள்ளுனா கடைசிப் பக்கத்துல எறும்பு எழுத்துல இருக்கு. பச்சை டிக்கு மட்டும் கட்டை விரல் அளவுக்கு. என்னோட சிரமத்துக்கு வருந்தி ஒரு மாசம் ஃப்ரீயா நீட்டிச்சும் குடுத்தாங்க.

நல்லதையும் சொல்லிர்றேன், இல்லைன்னா பாவம். போட்டோவை தேதி எடத்தோட அடுக்கி வைக்கிறது அருமை, அதை வச்சுத்தான் இந்த ரிவ்யூவே எழுதுறேன். பூத்த செடி, மரம், அலங்காரச் செடி இதுல பத்துக்கு எட்டு ஒன்பது அடிக்குது, அழகர்கோயில் நடைபாதையில மரம் மரமா நின்னு பேரு தெரிஞ்சுக்கிட்டு பிள்ளைகளுக்குச் சொன்னேன், நூபுர கங்கை போற வரைக்கும் நேரம் போனதே தெரியல. சிக்னல் இல்லாத எடத்துல வேலை செய்யாது, சிறுமலை மேல ஒண்ணுத்துக்கும் ஆகல. பேட்டரியைக் குடிக்குது, பத்து போட்டோவுக்கு போனு கொதிக்கும்.

யாருக்கு வேணும்னா, தோட்டம் வச்சிருக்கவுங்க, நடைப்பயிற்சி போறவுங்க, பிள்ளைகளுக்குச் செடி காட்டுறவுங்க வாங்கலாம், அதுவும் ஃப்ரீயா உள்ள வேற ஆப்பெல்லாம் பாத்துட்டு வாங்குங்க. கீரை தேடிப் போறவுங்களுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன். குடைப் பூவும் கேரட் இலையும் உள்ள செடின்னா ஆப்பு பச்சை காட்டுனாலும் சரி செவப்பு காட்டுனாலும் சரி, போட்டோவோட விட்டுட்டு வந்துருங்க. கேரட் கீரை திங்கணும்னு ஆசையா இருந்தா உழவர் சந்தையில மலைக் கேரட்டு தழையோட வரும், தழைய ஒடிச்சு ஓரமாப் போடுவாங்க, கேட்டா சும்மாவே தருவாங்க. பொடிசா அரிஞ்சு, பாசிப்பருப்பு போட்டு, தேங்காய் கொஞ்சம் தாராளமா விட்டு பொரியல் பண்ணுனா அந்த லேசான கசப்பு தெரியாது. எங்க வீட்ல வாரம் ஒரு தடவ ஓடுது.

சந்தா இந்த மாசம் 28-ந்தேதி தானாப் புதுப்பிச்சுரும்னு மெசேஜ் வந்துருக்கு. ஆட்டோ டெபிட்டை நிறுத்துற எடம் ஆப்புக்குள்ள இல்ல, பிளே ஸ்டோருக்குள்ள போயி உங்க படத்தை அமுக்கி, பேமெண்ட்ஸ், அப்பறம் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அங்க கேன்சல். ஆப்பை அழிச்சா மட்டும் பத்தாது, காசு எடுத்துக்கிட்டேதான் இருக்கும். நான் நேத்து நிறுத்திட்டேன். அத்தைதான், இன்னும் இருபது நாள் இருக்குல்ல மாப்ளேன்னு போனை வாங்கிக்கிட்டு மாடிக்குப் போயிருக்காங்க, அந்த நர்சரிக்காரன் குடுத்த மத்த தொட்டியையும் ஒண்ணு விடாம பாக்கணுமாம்.